ருஷ்யக் கொப்பியில் மூன்றாவது வரிசை

என் கணவர் அந்த முதியோர் இல்லத்துக்குப் போன முதல் மாதம், அங்கே வேலை செய்த எல்லோரும் அவரை அவருடைய தகப்பனின் பெயரால் கூப்பிட்டார்கள்.

பாஸ்போர்ட்டில் எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்கும் இருக்கும். இந்த நாட்டு இங்கிலீஷ்காரர் முன்னுக்கு இருப்பதைத்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். சுகமாக இருந்த காலத்தில் அவர் இதைப் பொருட்படுத்தவில்லை. வேலையிடத்தில் இருபத்தெட்டு வருடம் தன் தகப்பனாகவே இருந்துவிட்டு வந்தவர். இரண்டாவது தரம் பக்கவாதம் வந்தபோது அவருடைய இங்கிலீஷ் முழுவதும் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது. காலையில் ஒருத்தி கஞ்சிக் கோப்பையோடு வந்து தகப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "அப்பு தோட்டத்துக்குப் போயிட்டார், பின்னேரம் வாங்கோ" என்பார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். அவள் கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் தட்டிவிடுவார். ஆள் வீட்டில் இல்லை என்று சொன்ன பிறகும் போகாமல் நிற்கிறவளை அவரும் வேறு என்னதான் செய்வது?

மகன் ஒருமுறை இல்லத்து அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தான். எழுதிக்கொண்டார்கள். ஆனால் கதவில் ஒட்டியிருந்த பெயர் மாறவில்லை. ஷிப்டுக்கு ஷிப்ட் ஆட்களும் மாறுவார்கள்.

நான் எங்கள் வீடு இருக்கிற ரெய்னர்ஸ் லேனிலிருந்து பஸ் எடுத்துப் பதினொரு மணிக்குப் போவேன். மத்தியானச் சாப்பாட்டை நானே கொடுப்பேன். அதைச் சாப்பிடுவார். நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டும், அதற்குப் பிறகு என் முழங்கால் சரிவராது. காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, மருந்து, உடம்பு கழுவுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கேதான் சிக்கல். மருந்தைத் துப்பினார். ஒருத்தியின் மூக்குக்கண்ணாடியைத் தட்டி விழுத்தினார். உடம்பு வற்றிக்கொண்டு வந்தது.

இல்லத்து மனேஜர் என்னையும் மகனையும் இருத்திவைத்துப் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பார்ப்போம் என்றாள். அதற்குப் பிறகு நகரசபைக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து அவரைப் பற்றிய கோப்பைப் பார்ப்பாள். இப்படியே இருந்தால் அவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வரும். அந்த இடம் கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில். மகன் போனில் பார்த்துச் சொன்னான், எனக்கு இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் என்று. என்னால் மாதத்துக்கு ஒருதரம் போக முடிந்தால் பெரிய காரியம். ஆறு கிழமைக்குள் என் கணவர் அந்நியரின் கையால் வாய் திறந்து சாப்பிட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

நான் அழவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்கும்? இருக்கிறது என்று தெரியும், ஆனால் தொட்டால் வேறு யாருடையதோ போல் இருக்கும். எனக்கு நெஞ்சு முழுவதும் அப்படித்தான் இருந்தது. மகன், "அம்மா, அழுதாலும் பரவாயில்லை, இப்பிடிப் பேசாமல் இருக்காதையுங்கோ" என்றான். நான் நல்ல சேலையாகப் பார்த்து அயர்ன் பண்ணிக் கட்டிக்கொண்டு தினமும் போய்வந்தேன். அங்கே வருகிற மற்றப் பெண்கள் போல் வீட்டு உடுப்போடு நான் போனதில்லை.

அங்கே ஒருத்தி வேலை செய்தாள். ஐம்பது வயது இருக்கும். லாத்வியா நாட்டுக்காரி, ஆனால் பேசுவது ருஷ்யன். இடைவேளைக்கு மற்றவர்கள் சிகரெட் பிடிக்க வெளியே போவார்கள். இவள் என் கணவரின் அறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, ஒரு கொப்பியை விரித்து வாய்க்குள் முணுமுணுப்பாள். வேலையில் சீனியராக வேண்டுமானால் ஒரு இங்கிலீஷ் சோதனை எழுத வேண்டுமாம். கொப்பியில் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் இங்கிலீஷ், அந்தப் பக்கம் ருஷ்யன். ருஷ்யன் எழுத்துகள் சில கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நின்றன. எனக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

நாங்கள் இருவரும் பேசியது உடைந்த இங்கிலீஷ். அதை உடைந்தபடி சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் என் பேச்சிலேயே சொல்கிறேன்.

"என்ன பிள்ளை படிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அன்ரி, இங்கிலீஷ்காரர் ரெண்டு சின்னச் சொல்லைப் பிடிச்சு ஒண்டாக் கட்டிவிடுகினம். தனித்தனிய ரெண்டும் எனக்குத் தெரியும். சேர்த்தால் ஒண்டும் விளங்குதில்லை."

"புருசனும் பெண்சாதியும் மாதிரி" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆன்ட்டி என்பதை எங்களைப்போல் அன்ரி என்று கூப்பிட, முன்பு வேறொரு இல்லத்தில் தன்னோடு வேலை செய்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகளிடம் பழகியிருந்தாள். எனக்கு அது பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். 'கிவ் அப்' என்றால் ருஷ்யனில் கையைக் கீழே போடுவதாம். "எங்கட பாசையிலும் கைதான். கைவிடுறது எண்டுவம்" என்றேன். "அப்ப இங்கிலீஷ்காரருக்குத்தான் கையில்லை" என்றாள். இன்னொன்று நீளமானது, 'புள் யுவர்செல்ப் டுகெதர்', மனதைத் தேற்றிக்கொள் என்பதாம். அதற்கு ருஷ்யனில், உன்னை எடுத்து உன் கையில் வைத்துக்கொள் என்று சொல்வார்களாம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான், "என்னை எடுத்து என்ன செய்யிறது, வைக்க இடமில்லை" என்றேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் புதிதாக நாலு எழுதி வைத்திருந்தாள். பிளேட் அப். ஸ்பாட் அவுட். லாஷ்ட் அவுட். ஷட் டவுன். 'பிளேட் அப்' என்றால் என்ன விளையாட்டு என்று கேட்டேன்.

"விளையாட்டில்லை. கப்ரீஸ்னிச்சல்" என்றாள். பிறகு முகத்தைச் சுழித்து, கையைக் காலை உதறிக் காட்டினாள்.

"அடம் பிடிக்கிறது."

"ஓம்." ஆம் என்பதற்குச் சொல்கிற இந்த ஓமையும் எங்களிடம்தான் எடுத்தாள்.

"ஸ்பாட் அவுட்?"

துப்பிக் காட்டினாள். அடுத்ததற்குக் கையை ஓங்கிக் காட்டினாள். கடைசிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"இதுகளை எங்கயிருந்து எடுத்தனீ?"

அவள் கொப்பியை மூடினாள். ஷிப்ட் மாறும்போது வருகிறவர்களுக்கு எழுதி வைக்கிற தாள் ஒன்று உண்டு. தெரியாத சொற்களை அதிலிருந்துதான் எடுத்து எழுதுவாள். அது எனக்கு முன்னமே தெரியும்.

"என்ர மனுசனைப் பற்றி எழுதினதுதானே?" என்று கேட்டேன்.

மூடின கொப்பியை மடியில் வைத்தாள். பிறகு, "ஓம், அன்ரி" என்றாள்.

கவுன்சில் பெண் வந்து பார்க்கப்போகிற கோப்பில் என் கணவர் எப்படி இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் படித்தவர் அவர். கந்தோர் உத்தியோகத்தில் இருந்து கடிதம் எழுதினவர். கடைக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும், "நீர் வாயைத் திறவாதையும், நான் கதைக்கிறன்" என்பார். என்னுடைய இங்கிலீஷைக் கேட்டால் தன் மரியாதை போய்விடும் என்று பயம். அவரைப் பற்றி அந்த இங்கிலீஷில் இப்படி நாலு சோடிச் சொல். அவர் படுத்திருந்தார். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

"நாலு கிழமைதான் கிடக்கு" என்றேன். "நான் இல்லாத நேரம் நீங்கள் இங்கிலீஷில சொல்லுறது அவருக்கு விளங்கேல்லை. தமிழில சொன்னால் செய்வார்."

அவள் யோசித்தாள். கொப்பியைத் திறந்தாள். ருஷ்யனுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோடு கீறினாள்.

அப்படித்தான் மூன்றாவது வரிசை வந்தது. அவள் இங்கிலீஷைச் சொல்லுவாள், தன் மொழியில் ஒருதரம் சொல்லித் தலையாட்டுவாள், நான் தமிழைச் சொல்லுவேன். அதைத் தன் ருஷ்யன் எழுத்தில் எழுதிக்கொள்வாள். சிட் அப், நிமிர்ந்து இருங்கோ. டேர்ன் ஓவர், மற்றப் பக்கம் திரும்புங்கோ. ஹோல்ட் ஆன், பிடிச்சுக்கொள்ளுங்கோ. 'ஈட் அப்' வந்தபோது இருவரும் சிரித்தோம். சாப்பாடு கீழேதானே போகிறது, இவர்கள் ஏன் மேலே என்கிறார்கள் என்று அவள் கேட்டாள். அதற்கு ருஷ்யனில் தயெதாய். நான் முழுக்கச் சாப்பிடுங்கோ என்றேன்.

"இந்த 'ங்கோ' எல்லாத்துக்கும் வேணுமோ, அன்ரி? நீளமாக் கிடக்கு. வெட்டட்டே?"

"வெட்டினால் அறைதான் விழும்" என்றேன்.

வெட்டவில்லை. ங்கோ போடாமல் அவரோடு நானே பேசியதில்லை. சம்பளத்துக்கு வந்தவள் பேச விடுவேனா?

பிறகு அவள் பேனையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் சரி, ஆளை முதலில கூப்பிட வேணுமே. கதவில இருக்கிற பேருக்கு அவர் திரும்பிறேல்லை" என்றாள்.

நான் கைப்பையைத் திறந்து அவருடைய பஸ் பாஸை எடுத்து, பின்னுக்கு இருந்த பெயரில் விரலை வைத்தேன். அவள் வாசித்தாள். மூன்று துண்டாக உடைந்து வந்தது. யாரோ தெரியாத ஆளின் பெயர் போல் இருந்தது. அவர் திரும்பவில்லை.

"நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ. நான் பின்னால சொல்லுறன்."

"நான் சொல்லுறேல்லை."

"ஏன், சண்டையோ?"

"சண்டையில்லை. மனுசி புருசன்ர பேரைச் சொல்லுறேல்லை."

அவள் என்னையே பார்த்தாள். "எத்தினை வருசமா?"

"ஐம்பத்தொண்டு."

"வீடு நெருப்புப் பத்தினால்?"

இது பெருமைக்காகச் சொல்வதில்லை. பெருமையும்தான். ஆர்ச்வே கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் அவருடைய பெயர் கேட்டாலும் மகன்தான் சொல்வான். மகன் வராத நாளில் அர்ச்சனை இல்லை.

"நெருப்புப் பத்தினால், இஞ்சாருங்கோ எண்டுவன்" என்றேன்.

கட்டிலில் இருந்து, "என்ன?" என்று கேட்டது. எங்கள் பக்கம் திரும்பியிருந்தார்.

அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூன்றாவது வரிசைக்கு மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால், அதை எழுதினாள்.

இஞ்சாருங்கோ என்றால் இங்கே பாருங்கள், அவ்வளவுதான். அது பெயரில்லை. எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருசனைக் கூப்பிடுகிற சொல். வேறு ஒருத்தி கூப்பிட்டால் சனம் சிரிக்கும். அதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை என்பதல்ல. அவர் திரும்பியிருந்தார். அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் பதினொரு மணிக்குப் போனபோது, உடுப்புத் தோய்க்கிற கானா நாட்டுக்காரர், வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், அறைக்குள் நின்றுகொண்டு, "இஞ்சாருங்கோ, குட் மோர்னிங்!" என்றார். என் கணவர், "என்ன?" என்று கேட்டுக் கையை நீட்டிப் போட்டிருந்த சேட்டைக் கழற்ற விட்டார். மருந்து கொடுக்கிறவள் இஞ்சாருங்கோ என்றாள். நிலம் துடைக்கிறவள், கட்டிலை உயர்த்துவதற்கு முன், இஞ்சாருங்கோ என்றாள். ருஷ்யக்காரி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். பெயர் இதுதான், கதவில் இருப்பது பிழை, இதைச் சொன்னால் திரும்புவார் என்று.

எனக்கு வெட்கம் வரும் என்று பார்த்தேன். சிரிப்பாவது வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு வழக்கமான கதிரையில் இருந்தேன்.

காலையில் கஞ்சி குடித்தார். இரவு மருந்து விழுங்கினார். மற்றவர்கள் கூப்பிட்டால் திரும்புவார், சில வேளை சாப்பிடுவார், சில வேளை மாட்டார். ருஷ்யக்காரி கூப்பிட்டால் ஒரு நாளும் மறுக்கமாட்டார். அவளுடைய உச்சரிப்பு என்னுடையதுபோல் வந்துவிட்டது, என் வாயிலிருந்து எடுத்ததுதானே. இங்கிலீஷ் வரிசையில் புதுச் சோடிகள் வந்தன. பெர்க்ட் அப், செட்டில்ட் டவுன், ஏட் அப். உற்சாகமாக இருந்தார், அடங்கியிருந்தார், முழுக்கச் சாப்பிட்டார் என்று அவள் ஒவ்வொன்றையும் வாசித்து விளக்கிக் காட்டுவாள். நல்ல சொற்கள். நான் தலையாட்டுவேன்.

ஐந்தாவது கிழமை என்று நினைக்கிறேன், அன்றைக்கு என் பஸ் பிந்திவிட்டது. நான் போகும்போது அவள் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தாள். "இஞ்சாருங்கோ, வாயைத் திறவுங்கோ" என்றாள். அவர் திறந்தார். விழுங்கினார். பிறகு அவளுடைய கையைப் பிடித்து, "நீரும் சாப்பிடும்" என்றார்.

நீர் என்று அவர் கூப்பிட்டது உலகத்தில் ஒரு ஆளைத்தான்.

"என்ன சொல்லுறார், அன்ரி?"

"நன்றி சொல்லுறார்" என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். நான் மறிக்கவில்லை. அன்று முதல் நான் மத்தியானம் போனாலும் கரண்டியை அவளிடமே விட்டேன். நான் கரண்டியைக் கொண்டுபோனால் அவர் அவளைத் தேடினார். நான் பக்கத்தில் இருந்து அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்குப் பசி தீர வேண்டும், அவ்வளவுதான் காரியம் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கவுன்சில் பெண் வந்த நாள் மகன் லீவு போட்டுவிட்டு மில்டன் கீன்ஸிலிருந்து வந்தான். அலுவலக அறையில் மனேஜர், கவுன்சில் பெண், ருஷ்யக்காரி, நாங்கள் இருவர். கவுன்சில் பெண் கோப்பைப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். முதலில் முகம் ஒரு மாதிரி இருந்தது. பிந்திய பக்கங்களுக்கு வந்தபோது தலையாட்டினாள். நிறை கூடியிருக்கிறது என்றாள். மருந்து ஒழுங்காகப் போகிறது என்றாள். இங்கேயே இருக்கலாம் என்றாள். ஒரு தாளை மகன் பக்கம் தள்ளினாள், எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லி.

மகன் வாசித்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். மெதுவாக என் பக்கம் சாய்ந்தான்.

"அம்மா, எப்பிடிக் கூப்பிட்டால் அவருக்கு விருப்பம் எண்டு ஒரு பெட்டி கிடக்கு. அதில என்ன எழுதியிருக்கு தெரியுமே?"

"தெரியும்."

"இஞ்சாருங்கோ எண்டு எழுதியிருக்கு! இஞ்ச வேலை செய்யிற எல்லாரும் அப்பாவை..." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "இது எப்பிடியம்மா? நீங்களே சொல்லிக் குடுத்தனீங்கள்?"

நான் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன்.

கவுன்சில் பெண் ஏதாவது பிழையா என்று கேட்டாள். ருஷ்யக்காரி கொப்பியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தான் ஏதோ பிழைவிட்டுவிட்டேன் என்று விளங்கிவிட்டது போலும், முகம் சிவந்திருந்தது. அவளுடைய சோதனைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"மாத்தச் சொல்லட்டே, அம்மா?" என்றான் மகன். "அப்பாவின்ர சரியான பேரைப் போடுவிக்கிறன். ஒரு நிமிசத்து வேலை. பிறகு நீங்கள் மட்டும்..." முடிக்காமல் விட்டான்.

"அந்தப் பேருக்கு அவர் திரும்பிறேல்லை" என்றேன்.

"இருந்தாலும், அம்மா..."

"இதுக்குத் திரும்பிறார். திரும்பினால்தான் சாப்பிடுவார். சாப்பிட்டால்தான் இஞ்ச இருப்பார். விடு."

கவுன்சில் பெண்ணைப் பார்த்து, "நோ ப்ராப்ளம்" என்றேன். நானே சொன்னேன், மகனை விட்டுச் சொல்விக்கவில்லை. மகனுக்குக் கீழே நானும் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். தமிழில் வைத்தேன். எனக்கு அது நேரம் எடுக்கும். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மகன் மனேஜரோடு நின்று பேச, நான் அறைக்குப் போனேன். ருஷ்யக்காரி எனக்கு முன்பே போய் அவரை நிமிர்த்தி இருத்திக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் கையைக் காட்டினேன், உன் வேலையைப் பார் என்று. அன்றைக்குச் சோறும் கோழிக் குழம்பும், அவர்களுடைய சமையல், உறைப்பில்லாதது. "இஞ்சாருங்கோ, முழுக்கச் சாப்பிடுங்கோ" என்றாள், கொஞ்சம் பயந்த குரலில். முழுக்கச் சாப்பிட்டார். அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

நான் ஜன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார், வீட்டுக்கு வந்த ஒருவரைப் பார்ப்பதுபோல. பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆரோ வந்திருக்கினம் போல. தேத்தண்ணி போட்டுக் குடுமன்."

அவள் கொப்பியைத் திறந்து விரலை ஓட்டினாள். அதில் அது இல்லை.

"அன்ரி, இது என்ன?"

"எனக்குத் தேத்தண்ணி குடுக்கச் சொல்லுறார்" என்றேன்.

அவள் கீழே போய் ஒரு கோப்பையில் கொண்டுவந்து தந்தாள். பால் கூடிப்போயிருந்தது. சீனி போடவில்லை. நான் எங்கே போனாலும் ஒரு வாய் மிச்சம் வைக்கிற பழக்கம் உள்ளவள். அவர் பார்த்துக்கொண்டிருந்தபடியால் முழுவதையும் குடித்தேன். குடித்து முடிந்ததும் அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.